உள் பாக்கெட்டில் ஒட்டுப்புல்

மார்ச் 3
துறைமுக விடுதி

அன்புள்ள வாண்டு,

நாற்பது தாண்டிய ஒருத்திக்கு இந்தப் பெயர் பொருந்தாதுதான். ஆனால் நான் கிளம்புகிற அன்று கடையில் துணி வெட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராமல் இருந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? உன் அண்ணன் வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது.

கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணி வைக்காமல் வெறும் மெஷினை மிதித்தால் வருகிற சத்தம் எனக்குத் தெரியாதா? இருபது வருஷமாக அதே கடையில் உட்கார்ந்து ரசீது எழுதியவள் நான்.

டாக்ஸியில் ஏறிய பிறகு பக்கத்து ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து ஜன்னல் வழியாக ஒரு பையைத் திணித்தார். "உங்க நாத்தனார் குடுத்தாங்க. அவங்க குடுத்தாங்கன்னு சொல்ல வேண்டாம்னும் சொன்னாங்க" என்றார். பிரித்தால் உன் அண்ணனின் கம்பளிக் கோட்டு. அவர் போய் இரண்டு வருஷமாக நீ யாரையும் தொடவிடாமல் பீரோவில் பூட்டி வைத்திருந்தது. விமானத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

நாளைக் காலை தீவுக்குப் படகு. இன்று முழுவதும் சோதனை அறையில் போயிற்று. ஜன்னல் இல்லாத அறை. தரை, சுவர், மேசை எல்லாம் பளிச்சென்று வெள்ளை. ஒரு எறும்பு ஓடினாலும் கண்ணில் பட வேண்டுமாம். பெட்டியில் இருந்ததை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார்கள். காலுறைகளைத் திருப்பிப் போட்டு, இடுக்கியால் நூல் நூலாகப் பார்த்தார்கள். ஷூவின் அடிப்பள்ளங்களை ஊசியால் நோண்டினார்கள். சோதனை செய்த பெண் சொன்னார்: "ஒரே ஒரு விதை போதும். தரையில படர்ற புல்லா இருந்தா மண்ணை அப்படியே பாய் மாதிரி மூடிடும். அங்க பறவைங்க மண்ணைத் தோண்டித்தான் முட்டை போடுது. தோண்ட இடமில்லன்னா வேற எங்க போகும்?"

நீ கொடுத்தனுப்பிய கோட்டையும் விடவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்து, தூசி உறிஞ்சும் குழாயை வைத்தார். உள்பக்கம் கையை ஓட்டிவிட்டு, "உள் பாக்கெட் கிடையாதா?" என்று கேட்டார். கிடையாது என்றேன். கோட்டின் உள்பக்கம் எனக்கு என்ன தெரியும், அது உன் இலாகா. "தையல் அற்புதமா இருக்கே" என்றார். உடனே உன்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டேன். நீ கோபமாக இருந்தாலும் தையல் உன்னுடையதுதானே.

தீவில் பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த இன்டர்ன்ஷிப்புக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் இருபதை ஒட்டியவர்கள். சுருட்டைமுடிப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "நீங்க யாரை வழியனுப்ப வந்திருக்கீங்க?" என்றாள். "என்னையேதான்" என்றேன். பாவம், அதற்குப் பிறகு எனக்கு ஓடி ஓடி நாற்காலி போடுகிறாள்.

தீவில் போன் கிடையாது. ஆபத்துக்கு மட்டும் வயர்லெஸ். கடிதங்கள் சரக்குப் படகில் வந்து போகும். ஏழு மாதம்தான், வாண்டு. பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அண்ணி


மார்ச் 24
கடை

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கூடாது என்று முடிவு செய்து, அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்று ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுக்கிற நேரம் யோசித்தேன்.

திட்டியாவது போடச் சொன்னீர்கள். போடுகிறேன். தாவரவியல் படித்தீர்கள், ஆசை இருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனால் விண்ணப்பம் போட்டபோது சொல்லவில்லை. தேர்வானபோது சொல்லவில்லை. டிக்கெட் வந்த பிறகு, நான் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னீர்கள். வாயைத் திறந்து கத்தக்கூட முடியவில்லை.

இரண்டு பேர் இருந்த வீட்டில் ஒருத்தர் போனால் பாதி காலியாகும் என்றுதான் நினைத்தேன். முழுசாகக் காலியாகிவிட்டது. ரேடியோவை வைத்தால் "சத்தத்தைக் குறை" என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் நானே குறைத்து வைத்திருக்கிறேன்.

பள்ளிச் சீருடைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று பிள்ளைகளோடு வருவாரே அந்த நர்ஸ், அவரிடம் "அண்ணி தீவுக்குப் பறவை பாத்துக்கப் போயிருக்காங்க" என்றேன். "அதுக்கு அவ்வளவு தூரமா? இங்க காக்கா இல்லையா?" என்றார். நான் உங்கள் பக்கம் பேசித் தொலைத்தேன். "எங்கண்ணி படிச்ச படிப்புக்கு அவங்க போறாங்க, உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சீருடையைப் பக்கத்துத் தெருக் கடையில் தைக்கக் கொடுத்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

உண்மையில் எனக்குள்ள பயம் ஒன்றுதான். ஏழு மாதம் என்று போகிறவர்களுக்கு அந்த இடம் பிடித்துவிட்டால் என்ன செய்வது? இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது? ஒரு ரசீது மேசையும் நானும்.

கோட்டைப் போட்டுக்கொள்கிறீர்களா? இன்னொன்று சொல்ல வேண்டும். சோதனை செய்த அந்தப் பெண் ஏமாந்துவிட்டார். அதில் உள் பாக்கெட் இருக்கிறது. அண்ணன் கடைசியாகப் போட்டபோது அதில் என்ன வைத்திருந்தாரோ அப்படியே இருக்கட்டும் என்று, உள்ளே பார்க்காமல், வாயைத் தைத்து மூடினேன். கையை விட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. ஏதோ சரசரத்தது. காகிதமாக இருக்கும். துணியோடு துணியாகத் தைத்திருக்கிறேன், கண்ணாடி போட்டுத் தேடினாலும் தையல் தெரியாது. அவர் கொஞ்சமாவது உங்களோடு வரட்டும் என்றுதான்.

பீரோவில் அந்தத் தட்டு காலியாக இருக்கிறது. அதில் இன்னும் வேறு எதுவும் வைக்கவில்லை.

வாண்டு


ஏப்ரல் 15
தீவு

அன்புள்ள வாண்டு,

உன் கடிதத்தைப் படகுத்துறைப் பாறையில் உட்கார்ந்து படித்தேன். காக்கா வரிக்குச் சத்தமாகச் சிரித்தேன். என்னோடு குடிசையில் தங்கும் சுருட்டைமுடி, "என்னக்கா, எனக்கும் சொல்லுங்கக்கா" என்று நச்சரித்தாள். அதற்குள் கோட்டைப் பற்றிய பத்திக்கு வந்திருந்தேன்.

நீ எழுதிய உள் பாக்கெட் அதற்கு முந்தின வாரமே திறந்துவிட்டது. குடிசைக் கதவில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கோட்டின் உள்துணி மாட்டிக் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமை தைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். படியில் நின்று கோட்டை நன்றாக உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினேன். உதறினேன், வாண்டு. இந்தத் தீவின் காற்றில்.

கடிதத்தோடு ஓடிப்போய்க் கோட்டை மேசையில் விரித்துக் கிழிசலுக்குள் கையை விட்டேன். ஒரு பஸ் டிக்கெட். ஒரு மிட்டாய்க் காகிதம். அடியில், மூலையில், கொத்தாக ஒட்டுப்புல் விதைகள். ஊசி போல மெலிந்து, முனையில் முள்ளோடு. கல்லூரியில் இதன் படத்தை வரைந்து பாராட்டு வாங்கியிருக்கிறேன். தரையோடு படர்ந்து மண்ணைப் பாய் மாதிரி மூடுகிற ஜாதி.

குடிசையில் யாரும் இல்லை. கோட்டை அடுப்பில் போட்டுவிட்டு, நீ எழுதியதைக் கிழித்துவிட்டு, டீ போட்டுக் குடித்திருக்கலாம். உதறினது யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்துக்கொண்டே எழுந்தேன், ஆனால் கால் தீவுப் பொறுப்பாளரின் அறைக்குப் போயிற்று. அவரும் என் வயதுக்காரர். அதிகம் பேசமாட்டார்.

"எவ்வளவு விதை கீழ விழுந்திருக்கும்?"

"தெரியலைங்க."

"எங்க நின்னு உதறினீங்க?"

"குடிசைப் படியில."

"அன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?"

அதுவும் தெரியவில்லை. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எழுந்து மணியை அடித்தார். எல்லோரும் பறவை வேலையை விட்டுவிட்டு வந்து, படியைச் சுற்றி முட்டி போட்டு, இடுக்கியோடு மண்ணைத் தடவினோம். ஒருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. சுருட்டைமுடி மட்டும் பக்கத்தில் வந்து, "அக்கா, நான் போன மாசம் பறவை முட்டை மேலயே காலை வெச்சுட்டேன்" என்று காதோடு சொன்னாள். ஆறுதலாம்.

கொஞ்சம் கிடைத்தன. கிடைக்காதது எவ்வளவு என்று மழை வந்தால்தான் தெரியும். என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தலைமை அலுவலகம் சொல்ல வேண்டும். மழை முடியும்வரை இருக்கட்டும், ஏதாவது முளைத்தால் அப்போது பார்க்கலாம் என்று இப்போதைக்கு வயர்லெஸ்ஸில் பதில் வந்திருக்கிறது. விதைகளை எரித்தாயிற்று. கோட்டை இரண்டு பைக்குள் போட்டு ஒட்டி இதே படகில் உனக்கு அனுப்புகிறார்கள். பஸ் டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன், மேலே பார், அந்தக் கறுப்புத் தீற்றல் அதுதான். கோபம் இருக்கிறது. சொல்லியிருக்கக் கூடாதா? டிக்கெட் வரும்வரை சொல்லாதவள் இதைக் கேட்கிறாளே என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் அந்த வெள்ளை அறையிலிருந்தே தப்பி வந்த தையலை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழிக்கிறேன்.

இங்கே பறவைகளைத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்போம். உள்தையல் பிரிந்து நூல் தொங்கும், குஞ்சுகளின் நகம் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நகத்தை விடுவிக்கும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணி


மே 8
கடை

அண்ணி,

ஒரு தீவையே நாசம் பண்ணிவிட்டேனா?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையைச் சாத்திவிட்டேன். ரொட்டிக்கடைக்காரர் பயந்துபோய் வந்து கதவைத் தட்டினார். "யாருக்கு என்னாச்சு?" என்றார். "ஒரு தீவுக்கு" என்றேன். அவர் ஒரு ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த விதை எப்படி அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். அண்ணன் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் நடந்துவிட்டு நேராகக் கடைக்குள் வருவார். பேன்ட் ஓரம் முழுக்க ஒட்டுப்புல். நின்ற இடத்திலேயே பிடுங்கிப் பிடுங்கிப் போடுவார். நான் கத்துவேன். "வெள்ளைத் துணி விரிச்சிருக்கேன்! உதிர்க்காதண்ணே, சட்டைக்குள்ள போய்க் குத்தினா எவன் பதில் சொல்றது?" அவர் கையெடுத்துக் கும்பிடுவார். "சரி தாயே, பாக்கெட்லயே போட்டுக்கறேன்."

நான் அதைக் கிண்டல் என்றுதான் நினைத்தேன். தினமும் வாசலிலேயே நின்று, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, நிஜமாகவே பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் பேச்சை அவர் கேட்டார் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அண்ணி. அதுவும் உங்களை வேலையை விட்டுத் துரத்துகிற மாதிரியா தெரிய வேண்டும்?

பொறுப்பாளருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தவறு முழுக்க என்னுடையது, அண்ணி உள்பக்கத் தையல் எதையும் அறியாதவர் என்று எழுதியிருக்கிறேன். அதோடு துணிப்பைகள் ஒரு டஜன். ஓரங்களை மடித்து உள்ளுக்குள் புதைத்துத் தைத்திருக்கிறேன். திருப்பிப் பார்த்தாலும் எந்தப் பக்கம் உள்பக்கம் என்று தெரியாது. எந்தக் குஞ்சின் நகமும் மாட்டாது. தைப்பதற்கு முன் துணியைக் கொதிக்கும் தண்ணீரில் அவித்தேன், மேசையைத் துடைத்தேன், என்னையும் துடைத்துக்கொண்டேன். பாக்கெட் எதுவும் வைக்கவில்லை.

இரண்டு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும் என்று படித்ததும் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வெட்கமாகிவிட்டது. இரண்டாவது, ஒன்றே ஒன்று முளைக்கட்டுமே என்று மனசு கேட்கிறது. அவர் நடந்த இடத்துப் புல். அவர் கையால் பிடுங்கியது. திட்டாதீர்கள்.

கோட்டு வந்து சேர்ந்தது. பையை இன்னும் பிரிக்கவில்லை.

வாண்டு


ஜூலை 2
தீவு

அன்புள்ள வாண்டு,

முளைத்தது. ஒன்று.

நல்ல மழைக்குப் பிறகு வெயில் அடித்த காலை. மற்றவர்கள் மலைப்பக்கம் போயிருந்தார்கள். நான் துணிப்பைகளைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன் (உன் பைகள்தான், அவற்றைப் பற்றிப் பிறகு). படியின் கீழே, பலகைக்கும் கல்லுக்கும் நடுவில், பச்சையாக இரண்டு இலை. இந்தத் தீவின் புல் வேறு மாதிரி, நீலம் கலந்த பச்சை. இது நம் ஊர்ப் பச்சை. குனிந்து பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.

உட்கார்ந்துவிட்டேன். பிடுங்கி எறிந்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம், வேலை தப்பும். பிடுங்காமலும் சொல்லாமலும் இருக்கலாம். இரண்டாவதுதான் மனசில் அதிக நேரம் நின்றது. படிக்கட்டு மறைக்கும், தினமும் காலையில் ஒரு தடவை பார்க்கலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். உன் கடிதத்தில் நீ கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். துணியெல்லாம் வாளியிலேயே கிடந்தது.

அப்போது படிக்கு அந்தப் பக்க மண்ணில் ஒரு வளை தெரிந்தது. புதிதாகத் தோண்டியது, வாசலில் ஈர மண் குவிந்திருந்தது. போன வாரம் அது இல்லை. ஒரு பறவை எங்கள் குடிசைக்கு இவ்வளவு அருகில் வீடு பார்த்திருக்கிறது. இந்தப் புல் படர்ந்தால் முதலில் மூடப்போவது அதன் வாசலைத்தான்.

பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். கோட்டு யாருடையது என்று அவரிடம் நான் சொன்னதில்லை. உன் கடிதம் சொல்லியிருக்க வேண்டும்.

"நான் எடுத்துடட்டுமா?" என்றார்.

"வேண்டாங்க. எங்க வீட்டுப் புல்" என்றேன்.

கத்தியைச் சுற்றிலும் இறக்கி, மண்ணோடு தூக்கினேன். வேர் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. சுலபமாக வந்துவிட்டது. கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம் என்று தோன்றியது. பொறுப்பாளர் அடுப்பு மூடியைத் திறந்து பிடித்தார், நான் போட்டேன். பிறகு இருவரும் டீ குடித்தோம். அவர் தன் கோப்பைச் சர்க்கரையையும் எனக்கே போட்டுவிட்டார்.

தலைமை அலுவலகத்தின் பதில் நேற்று வந்தது. நான் இருக்கலாம். இன்னொன்றும் சொன்னார்கள். அந்த இடத்தை அடுத்த வருஷ மழைக்கும் கண்காணிக்க வேண்டும். "உங்களை விட அந்தப் படியை யாருக்குத் தெரியும்? அடுத்த வருஷமும் வரீங்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார். வாய் வரைக்கும் பதில் வந்தது. நிறுத்திக்கொண்டேன். என் நாத்தனாரைக் கேட்காமல் இனி எதுவும் சொல்வதில்லை என்று சொன்னேன். பைகள் தைத்தவரா என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சரி, கேட்டுட்டே சொல்லுங்க" என்றார்.

அந்தப் பைகளைத் துறைமுகச் சோதனை அறையில் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்களாம். அதே பெண் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்: "இந்த முறை மூன்று பேர் பார்த்தோம். பாக்கெட் இல்லை என்று நம்புகிறோம்."

நீ வேண்டாம் என்றால் வேண்டாம். மனதில் இருப்பதை எழுது.

உன் அண்ணி


ஜூலை 27
கடை

அன்புள்ள அண்ணி,

"எங்க வீட்டுப் புல்" என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். அண்ணன் போன பிறகு நான் அந்தப் பக்கமே போனதில்லை.

கொட்டிக் கிடக்கிறது, அண்ணி. மைதானம் முழுக்க அதுதான். அங்கே ஒன்று முளைத்ததற்கு நீங்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள், இங்கே கேட்பாரற்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறது. நீங்கள் ஒன்றைப் பிடுங்கியதால் எதுவும் குறைந்துவிடவில்லை. இதைச் சொல்லத்தான் ஓடிவந்து எழுதுகிறேன். ஒரு சுற்று நடந்தேன். அண்ணன் நடக்கிற மாதிரியே ஓரமாக. திரும்பி வந்தால் என் பேன்ட் ஓரம் முழுக்க அப்பிக்கொண்டிருந்தது. கடைக்குள் வெள்ளைத் துணி விரித்திருந்தேன். அதனால் வாசலில் நின்று, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "உங்கண்ணன் மாதிரியே நிக்கிறீங்க" என்றார். எல்லாவற்றையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே பையைப் பிரித்துக் கோட்டை வெளியே எடுத்தேன். ஆணி கிழித்ததைச் சரிசெய்துவிட்டேன். உள் பாக்கெட்டின் வாயைத் தைக்கவில்லை, திறந்தே விட்டிருக்கிறேன். பீரோவில் வைக்காமல் உங்கள் ரசீது மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். அந்த நர்ஸ் வந்து பார்த்தார் (சீருடை இங்கேதான் கொடுத்தார், வேறு எங்கே போவார்). "அண்ணி வந்துட்டாங்களா?" என்று கேட்டார். "வருவாங்க, அப்புறம் போவாங்க, அப்புறம் வருவாங்க" என்றேன்.

அதுதான் என் பதில். போய்விட்டு வாருங்கள். கேட்டீர்களே, அது போதும். வந்ததும் சீருடைக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள், நான் எழுதியது எனக்கே புரியவில்லை. அந்த வளைக்குள் முட்டை இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பொறுப்பாளரிடம் இன்னும் பை வேண்டுமா என்று கேளுங்கள். கோட்டு மட்டும் இங்கேயே இருக்கட்டும், உங்களுக்குப் புதிதாக ஒன்று தைக்கிறேன். தோள் அளவு எனக்குத் தெரியும்.

செப்டம்பரில் நான் விமான நிலையத்துக்கு வருகிறேன். கதவைச் சாத்திக்கொள்ள மாட்டேன். மைதானத்தைச் சுற்றிவிட்டு அப்படியே வந்தால் பேன்ட் ஓரத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். விதையைக் கண்டால் இடுக்கியை எடுப்பது உங்களுக்கு இப்போது பழக்கமாகியிருக்கும், ஆனால் இது நம் ஊர்.

உங்கள் வாண்டு